விரையாமை

ஞானநூல்களை ஓதுவார்க்கு இன்றியமையாது வேண்டப்படும் இயல்புகள் பலவற்றுள், இந்நாளில் பெரிதும் மறக்கப்பட்டது விரையாமை என்னும் ஒன்றாம். அதனைக் குறித்துச் சில எழுதுதற்கு ஓர் ஏது அண்மையில் நேர்ந்தது. சைவப்பற்று மிக்க இளைஞர் ஒருவர் எம்மிடம் போந்து, மெய்கண்ட சாத்திரங்கள் 14-ஐயும் மூன்று திங்களிற் கேட்டு முடித்ததாக மகிழ்ந்து கூறினார். யாங்ஙனம் என்று வினவினேமாக, அறிஞர்கள் நிகழ்த்திய விரிவுரைகளின் ஒலிப்பதிவுகளைத் தம் கைபேசியிற் சேர்த்து வைத்து, அலுவலகத்திற்குச் செல்லும்போதும் மீளும்போதும் இருமடங்கு விரைவில் ஓடவிட்டுக் கேட்டதாக விடை பகர்ந்தார். பின்னர் அவர் எம்மை நோக்கி, "ஐயா, மடங்களிற் பாடஞ் சொல்லும்போது ஒரு சூத்திரத்திற்கே திங்கட்கணக்கிற் செல்கின்றது. இக்காலத்தார்க்கு அத்துணைப் பொழுது ஏது? பாடத்தை விரைவுபடுத்தினாலன்றி இளைஞரைச் சைவம் எவ்வாறு சென்று சேரும்?" என்று வினவினார்.

இவ்வினா இகழத்தக்கதன்று. வினாயவர் சோம்பர் அல்லர்; நாளின் பெரும்பகுதியைப் பிழைப்பிற்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய சிறுபொழுதைச் சிவநூலுக்குக் கொடுத்தவர். பேருந்தின் நெரிசலில் நின்றுகொண்டும் சிவஞானபோதத்தைக் கேட்பவர் போற்றுதற்குரியரேயன்றிப் பழித்தற்குரியரல்லர். பாடஞ் சொல்வாரும் கேட்பாரும் நாளுக்குநாள் அருகி வருகின்றமையின், அவர் கூறிய குறை மடங்களைச் சார்ந்த நம் அனைவரையும் சுடுவதாம். ஆகலின் அதற்கு விடையிறுத்தல் கடன். ஆயினும் அவ்விடையை யாம் எம் கருத்தளவிற் கூறாது, சித்தாந்த நூற்பொருளினின்றே காட்டுவேம்.

முதற்கண் விரைவு என்பது யாது, விரையாமை என்பது யாது என வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். விரையாமை மடியன்று. தொடங்கவேண்டுவதைத் தொடங்காது நாள் கடத்துதல் மடி. தொடங்கியதை அதற்குரிய முறையும் பொழுதும் கொடுத்துச் செய்தல் விரையாமை. அவ்வாறே சுறுசுறுப்பு விரைவன்று. வைகறையில் எழுந்து நீராடி, அனுட்டானம் முடித்து, பூசைக்குப் பூக்கொய்வான் சுறுசுறுப்புடையன். பூசையிற் கை ஒரு செயலைச் செய்யாநிற்க, மனம் அடுத்த செயலுக்குத் தாவுமாயின் அவன் விரைவுடையன். எனவே, நிகழும் செயலின்கண் உள்ளம் தங்காது அதன் முடிவின்கண் சென்று நிற்றலே ஈண்டு விரைவு என்று எம்மாற் கொள்ளப்பட்டது. திருவள்ளுவரும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், ஆறியிருந்து செய்வனவும் ஆறாது செய்வனவும் என வினைகள் இருவகைய என்று பிரித்துக் காட்டினாரேயன்றி, எல்லாவற்றையும் ஒரே கதியிற் செய்க என்றாரல்லர். எனவே எம் வினா, ஞானநூல் ஓதுதல் அவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்பதாம்.

இனி, சித்தாந்தத்தில் இதற்கு விடை எங்கேயுளது எனின், சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே உளது என்க. யாம் இதனை அறிந்துகொண்ட வகையைக் கூறுதல் பொருந்தும். இளமையில் யாம் அந்நூலின் 12 சூத்திரங்களையும் 81 வெண்பாக்களையும் நெட்டுருச் செய்து, சிற்றுரையையும் ஒருமுறை படித்துவிட்டு, "நூல் முடிந்தது" என்று எம் ஆசிரியர்பாற் சென்று தெரிவித்தேம். அவர் மறுப்பொன்றுங் கூறாது, "உலகம் ஒடுங்கியபின் அது மீளவும் தோன்றுவது எற்றுக்கு? ஒடுங்கியபடியே இருந்தாலென்னை?" என்று மட்டும் வினவினார். யாம் ஏழாஞ் சூத்திரத்தைத் தேடினேம். எட்டாஞ் சூத்திரத்தைத் தேடினேம். பின்னும் பல கூறி மயங்கினேம். அவர் சிறிது பொழுது காத்திருந்து, "விடை முதற் சூத்திரத்தில் ஒரு சொல்லாக இருக்கிறது, ஓடி வந்தமையால் அதனைத் தாண்டிவிட்டீர்" என்றார். மலம் இன்னும் நீங்காமையான் உலகம் மீளத் தோன்றும் என்னும் பொருளை அடக்கி நின்ற சொல் அது. நூறுமுறை எம் வாய் அச்சொல்லை உரைத்ததுண்டு. உள்ளம் ஒருமுறையும் அதன்கண் நின்றதில்லை.

அச்சொல்லின்கண் நின்று நோக்கின் பெறப்படுவது யாது? உயிர்களைப் பற்றிய ஆணவமலம் அனாதி. அது நீங்குதற்பொருட்டே இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவிக்கின்றான். உயிர் வினைப்பயனை நுகர்கின்றது. பிறந்தும் இறந்தும் இளைக்கின்றது. இளைத்தபோது அவன் உலகை ஒடுக்குகின்றான். ஒடுக்குதல் கொடுமையன்று, உயிர்களின் இளைப்பைப் போக்கும் ஓய்வே என்பது சித்தாந்தத் துணிபு. ஓய்ந்த உயிர்க்கு மலம் இன்னும் பக்குவப்படாமையின் மீளவும் தோற்றுவிக்கின்றான். இவ்வாறு எத்துணை ஊழிகள் சென்றனவோ யாரே அறிவார்! முற்றறிவும் முடிவிலாற்றலும் உடைய முதல்வன் ஓர் உயிரின் பக்குவத்தை நோக்கி இத்துணைக் காலமும் காத்திருக்கின்றான். பரிபாகம் என்னும் சொல்லே பழுத்தல் என்று பொருள்படுவது. பழுக்குந்துணையும் காத்தலே அவன் அருள். அவன் மறைத்தற்றொழிலை நடத்துதலும், திரோதானசத்தி மலத்தோடு உடனாய் நின்று அதனைப் பக்குவப்படுத்துதலும், அக்காத்திருத்தலின் வகைகளேயாம்.

ஈண்டு ஒருவர் தடை நிகழ்த்துவர்: "எல்லாம் வல்லானுக்குக் காலம் எற்றுக்கு? ஒரு நொடியில் மலத்தை நீக்கவல்லான் நீக்காதிருத்தல் ஆற்றலின்மையாதல் அருளின்மையாதல் ஆகாதோ?" எனின், ஆகாது. என்னை? ஞாயிறு ஒன்றே, அதன் கதிர் பொய்கையிலுள்ள தாமரை அனைத்தின்மேலும் ஒப்பவே வீசும். முதிர்ந்த முகை மலரும். முதிராதது முகையாகவே நிற்கும். அதுபற்றி ஞாயிற்றுக்கு ஆற்றலில்லை என்பாரும், முதிராத முகைமேல் அதற்குப் பகை என்பாரும் உளரோ? பூக்கடையிலே தாமரை முகையைக் கையால் விரித்து இதழ்களை மடித்துவைத்தல் காண்கின்றேம். அது விரிக்கப்பட்டதேயன்றி மலர்ந்ததன்று. உயிர் சடமன்று, அறிவுடையது. ஆகலின் அதன்கண் நிகழும் விளக்கம் அதன் அறிவின்கண்ணேயே நிகழ்தல் வேண்டும். வெளியினின்று வலிந்து திறத்தல் அதற்கு வீடாகாது. எனவே காலம் வேண்டுதல் முதல்வனது குறைபற்றியன்று, உயிரினது இயல்புபற்றி என்க.

கனிவித்தலைப்பற்றி உலகியலிலும் ஒன்று காட்டலாம். மாங்காயை மரத்திலே முதிரவிடாது பறித்து, கார்பைடு என்னும் கல்லை இட்டு அதன் ஆவியாற் பழுக்கவைத்து விற்பாருளர். அது தீங்கு பயப்பதாகலின், 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனைத் தடைசெய்தன. அம்மாங்கனி கண்ணுக்குப் பொன்போல் இலங்கும். நாவில் இட்டார்க்கு உண்மை விளங்கும். தோல் பழுத்தது, சதை பழுத்திலது. கற்றவன்போற் பேசுதலும் கற்றலும் இவ்வாறு வேறுபடுதலைக் கல்வித்துறையிலும் காண்கின்றேமன்றோ?

மற்றொரு தடையும் உண்டு. இது சாத்திரம் வல்லாரே நிகழ்த்துவது. "சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்றும், அவற்றுள் தீவிரதரமே தலையாயது என்றும் நூல்கள் கூறாநிற்க, மந்தத்தைப் போற்றி விரைவைப் பழித்தல் பொருந்துமோ?" என்பது அது. அற்றன்று. ஆண்டுத் தீவிரம் என்றது அருள் பதிதலின் மிகுதியையும் அதற்கேற்ற பக்குவத்தின் மிகுதியையுமேயன்றி, சாதகன் செய்யும் செயலின் வேகத்தையன்று. பழம் காம்பினின்றும் ஒரு நொடியில் வீழ்கின்றது. அந்நொடிக்கு முன்னர்ப் பூவாய்ப் பிஞ்சாய்க் காயாய் நின்ற திங்கள்கள் பல. வீழ்தலின் விரைவைக் கண்டு பழுத்தலும் விரைந்தது என்று கருதுதல் கூடாது. தீவிரதரர்க்கு ஞானம் ஒரு சொல்லில் விளங்குமாயின், அச்சொல்லை ஏற்கும் பக்குவம் முற்பிறவிகளிற் சரியை கிரியை யோகங்களால் முறையே விளைந்து நின்றது என்பதே சித்தாந்தம். விரைந்து சென்றவர் போலத் தோன்றுவார் நெடிது நடந்து வந்தவரேயாவர்.

இனி, விரைவு எங்ஙனம் தோன்றுகின்றது என ஆராய்வாம். நோயின் முதல் அறியாது மருந்து கூறுதல் பயனின்றாகலின், இவ்வாராய்ச்சி வேண்டப்பட்டது. தத்துவம் 36-னுள் காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்பன ஐந்தும் உயிர்க்குச் சட்டைபோல் அமைதலின் பஞ்சகஞ்சுகம் எனப்படும். காலம் நுகர்ச்சியை இறப்பு நிகழ்வு எதிர்வு என வரையறுப்பது. நியதி அவரவர் வினைப்பயன் அவரவரையே சாருமாறு நிறுத்துவது. அராகம் பொருள்கள்மேல் விழைவை எழுப்புவது. இம்மூன்றனையும் ஒருங்குவைத்து நோக்கினார்க்கு விரைவின் இயல்பு விளங்கும். அராகம் விழைவை எழுப்புகின்றது. காலமோ அவ்விழைவின் பொருளை எதிர்விற்கண் வைத்துளது. எதிர்விலுள்ளதை நிகழ்விற்கு இழுக்க முயலும் உயிர் இழுக்கவும் மாட்டாது, விடவும் மாட்டாது துடிக்கின்றது. அத்துடிப்பே விரைவு என்பது எம் துணிபு. காலமோ மாயையினின்றும் தோன்றிய சடம். அதனை நடத்துவான் இறைவன். நடத்துவானை மறந்து நடத்தப்படுவதனோடு மல்லாடுதல் பேதைமையாம்.

அதற்கும் அடியில் நிற்பது ஆணவம். "யான் செய்கின்றேன், என்னால் முடிக்கப்படும், எனக்கு முன் பிறர் முடித்தல் ஆகாது" என்னும் முனைப்பில்லாத இடத்து விரைவுக்கு இடமேது? இறைபணி நிற்றலைக் கூறும் பத்தாஞ் சூத்திரத்தின் பொருளை நினைக. தன் செயல் என ஒன்றின்றி அவன் பணியாகவே செய்வான், பணியின் முடிவைக் குறித்துப் பதைப்பதில்லை. முடித்தல் பணிகொண்டவனுடைய கவலையாகலின். எனவே, விரையாமை என்பது நடையுடைகளைப் பற்றிய ஓர் ஒழுக்கம் மாத்திரையன்று. ஆணவமுனைப்புத் தணிதற்கு அடையாளமும் அது தணிதற்குரிய பயிற்சியும் ஆம்.

கற்றலைப்பற்றி ஆன்றோர் வகுத்த முறையும் இதற்கு இயைந்ததே. ஞானநெறியிற் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்கு படிகள் கூறப்பட்டன. இவற்றுட் கேட்டல் ஒன்றுமே செவியின்பாற்பட்டது. ஏனைய மூன்றும் உள்ளத்தில் நிகழ்வன. ஒலியை இருமடங்கு விரைவில் ஓட்டக் கருவி உண்டு. சிந்தனையை இருமடங்கு விரைவில் ஓட்டுதற்குக் கருவி யாது? கேட்டது ஒரு நாழிகைக்குள் முடியுமாயின், அதனைச் சிந்தித்தற்குப் பல நாழிகை வேண்டும். ஐயம் எழுதற்கும், எழுந்த ஐயம் தீர்தற்கும் பல நாள் வேண்டும். கேட்டலை விரைவுபடுத்தினார் ஏனைய மூன்றற்கும் பொழுதை மிச்சப்படுத்தினாராயின் நன்றே. அங்ஙனமின்றி, மிச்சப்பட்ட பொழுதில் மற்றொன்றைக் கேட்கப் புகுவாராயின், அவர்க்கு வாயிற்படி பல கிடைத்தன, வீடு ஒன்றும் கிடைத்திலது என்றே கொள்ளல் வேண்டும்.

நன்னூலார் பொதுப்பாயிரத்தில், ஒரு நூலை இருமுறை கேட்டார்க்குப் பிழை நீங்கும் என்றும், மும்முறை கேட்டார்க்குப் பிறர்க்கு உரைக்கும் முறை விளங்கும் என்றும் பயன்பட விதித்தனர். இது மந்தமதியினர்க்கு மாத்திரம் கூறியது என்று கருதற்க. முதன்முறை கேட்பான் சொல்லைக் கேட்கின்றான். இரண்டாமுறை சொற்களின் இயைபைக் கேட்கின்றான். மூன்றாமுறை நூலாசிரியன் உள்ளத்தைக் கேட்கின்றான். அன்றியும், ஆசிரியனிடத்து ஒருவன் பெறுவது காற்கூறே எனவும், உடன் பயில்வாரோடு பழகுதலால் ஒரு காற்கூறும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய பாதியும் நிரம்பும் எனவும் அவர் கூறினார். செவியிற் கருவியைச் செருகித் தனியே கேட்பார்க்கு, கூறுகள் நான்கனுள் ஒன்றே கிடைத்தல் காண்க. உடன் பயில்வார் ஒருவர் இடைமறித்து "இஃது எங்ஙனம்?" என்று கேட்கும் வினாவிலேயன்றோ நாம் அறிந்தேம் என்று கருதியது அறியாமை என்று வெளிப்படுவது?

சொல்லின்கண் நிற்றலாற் பெரும்பயன் விளைந்தமைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. திருவாவடுதுறை மடத்தின் சார்பிலே, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871-ஆம் ஆண்டு பாடங்கேட்கத் தொடங்கி, 1876-ஆம் ஆண்டு ஆசிரியர் சிவபதம் அடையுந்துணையும் உடனிருந்தவர் உ. வே. சாமிநாதையர். அத்துணை நூல்களை முறையாகக் கேட்டவர்க்கும், 1880-ஆம் ஆண்டிற் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியைக் குறித்துக் கேட்டபோது அது புதிய நிலமாகவே இருந்தது. அவர் விரைந்து அதனை அச்சிட்டாரல்லர். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கினார், விளங்காத சமண சமயப் பொருள்களைச் சமணரையே அடுத்துக் கேட்டுத் தெளிந்தார், நூல் வெளிவந்தது 1887-ஆம் ஆண்டிலாம். இடைப்பட்ட ஏழாண்டும் வீண்போயினவோ எனின், போகவில்லை. நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோளாக எடுத்தாண்ட அடிகள் எந்நூலின என்று ஒவ்வொன்றாக நின்று வினவினமையின் அன்றோ, மறைந்துகிடந்த சங்கநூல்களின்மேல் அவர்க்கு நாட்டம் சென்றது! பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் அவராற் பதிப்பிக்கப்பெற்றன. மேற்கோள் என்று அவ்வடிகளைத் தாண்டிச் சென்றிருப்பாராயின் சிந்தாமணி விரைவில் வெளிவந்திருத்தல் கூடும். ஏனைய நூல்கள் எந்நாளில் எவராற் கிடைத்திருக்குமோ அறியேம்.

இதனினும் சிறந்த சான்று திருத்தொண்டர் புராணத்தில் உளது. தொண்டைநாட்டுத் திருநின்றவூரிற் பூசலார் நாயனார் சிவபிரானுக்குக் கோயிலெடுக்க விரும்பி, பொருள் தேடி வருந்தியும் சிறிதும் பெறாராயினர். பின்னர் மனத்தினாலேயே கோயில் எடுக்கத் துணிந்தனர். ஈண்டு அன்பர்கள் ஒன்றனை உற்றுநோக்குதல் வேண்டும். மனத்தால் எடுப்பதற்குக் கல்லும் மரமும் வேண்டா. தச்சர்க்குக் கூலி வேண்டா. மழையும் வெயிலும் தடையாகா. ஒரு நினைவிலே ஏழுநிலைக் கோபுரத்தை நிறுத்திவிடலாம். அன்று மாலையே குடமுழுக்கும் செய்துவிடலாம். தடுப்பார் யாவர்? ஆயினும் நாயனார் அவ்வாறு செய்திலர். நினைவிலே பொருளைச் சிறிது சிறிதாகத் தேடினார், பணிசெய்வாரையும் வேண்டும் கருவிகளையும் தேடினார், நன்னாள் பார்த்தார், ஆகமமுறை வழுவாது அடிநிலை வகுத்தார், இரவும் துயிலாது, உபானம் முதல் உச்சிவரை படைபடையாக அளவு பிழையாது எழுப்பினார், விமானத்தின்மேல் தூபி நட்டார், சுதை தீட்டினார், கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். இவ்வாறு நாள் பல சென்றபின்னரே தாபனத்திற்கு நாள் குறித்தார்.

அந்நாளிலேயே காடவர்கோன் காஞ்சியிலே கல்லாற் பெருங்கோயில் எடுத்து முடித்து, தாபனத்திற்கு அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளைப் புகுவோம் ஆகலின், நீ குறித்த நாளை ஒழித்துப் பின்பு கொள்க என்னும் கருத்துப்பட அருளினான். மன்னன் கட்டியது காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலே என்பர் ஆராய்ச்சியாளர். அக்கற்றளியும் குறைவுடையதன்று, இன்றும் நின்று நிலவுவது. ஆயினும் முதலிற் சென்று புகுதற்கு இறைவன் மனக்கோயிலையே தேர்ந்தான். பொருளின்மை கண்டு இரங்கினான் என்று மாத்திரம் கூறி அமைதல் போதாது. நினைந்தவுடன் முடித்துக்கொள்ளும் உரிமை தமக்கு முற்றும் இருந்தும், நினைவுக்கும் முறையும் பொழுதும் கொடுத்தார் ஒருவரை அவன் அடைந்தான் என்க. ஒவ்வொரு கல்லின்கண்ணும் அவர் நெஞ்சம் தங்கியிருந்தமையின், அக்கோயிலில் அவர் நெஞ்சம் இல்லாத இடம் ஒன்றும் இல்லை. அவன் புகுதற்குரியது அதுவே.

இக்காலத்துக் கோயில்களிற் கட்டணச் சீட்டுப் பெற்று விரைவிற் சென்று வழிபட்டு மீளும் வழக்கம் பெருகியிருத்தலை யாவரும் அறிவர். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவ்வசதி வேண்டப்படுமாகலின் அதனை முற்றும் யாம் மறுத்திலேம். ஆயினும், வாயிலினின்று கருவறைவரை செல்லும் வழியும் வழிபாட்டின் உறுப்பே. கொடிமரத்தின்முன் வீழ்ந்து வணங்குதலும், வலம் வருதலும், விடையை வணங்கி உட்புகுதலும் எல்லாம் உள்ளத்தைப் படிப்படியாக ஒடுக்கி இறைவன் முன்னர் நிறுத்துதற்கு ஆன்றோர் அமைத்த படிகள். படிகளை ஒழித்து மேல்நிலையை மாத்திரம் விரும்புவார், உடலை முன்னர்க் கொண்டு நிறுத்தி, உள்ளத்தை வாயிலிலேயே விட்டுவிடுகின்றனர்.

இனி, இளைஞர் கூறிய வலியதொரு நியாயம் எஞ்சியுளது. "யாக்கை நிலையாது, நாள் சில, கற்கவேண்டுவன பல. மெல்லச் செல்வேமாயின் முடியாமலே மாய்வேம்" என்பது அது. நிலையாமையை நூல்கள் வற்புறுத்தியது உண்மையே. அது தொடங்குதலில் தாழாமைப்பொருட்டு; செய்தலிற் பதறுதற்பொருட்டன்று. நாள் சிலவாதல் உண்மையாயின், அச்சில நாளிற் பதினான்கையும் தொட்டு ஒன்றையும் அறியாது மாய்தல் நன்றோ, ஒன்றன்கண் நின்று அதன் பொருளை உயிரிற் பதித்துக்கொண்டு செல்லுதல் நன்றோ? சைவசித்தாந்தத்தில் இப்பிறவியில் எய்திய பக்குவம் வீண்போவதில்லை. விட்ட இடத்தினின்று தொடரலாம் என்னும் உறுதி நமக்கு உண்டு. ஒரு பிறவியில் எல்லாவற்றையும் முடித்தே தீரவேண்டும் என்னும் பதைப்புச் சித்தாந்திக்கு உரியதன்று.

அங்ஙனமாயின், பொழுதின்மையால் வருந்தும் இக்காலத்தார்க்கு மடங்கள் செய்யக்கடவது யாது? எம் கருத்து இது. விரைவைக் கூட்டற்க, அளவைக் குறைக்க. நம் ஆசாரியர்கள் இதனை முன்னரே கண்டு வழி வகுத்துள்ளார்கள். உமாபதி சிவனார் அருளிய திருவருட்பயன் 10 அதிகாரங்களில் 100 குறள்களால் ஆயது. கிழமைக்கு இரண்டு குறளாக ஓதினும் 50 கிழமையில், ஓர் ஆண்டிற்குள், நூல் நிரம்பும். இரண்டு குறளை மனப்பாடஞ் செய்தற்கும், பொருள் கேட்டற்கும், ஏழுநாளும் நடக்கும்போதும் கிடக்கும்போதும் சிந்தித்தற்கும் எத்தொழிலினர்க்கும் பொழுது உண்டு. அதன்பின் சிவஞானபோதத்தை எடுத்துக்கொண்டு, திங்களுக்கு ஒரு சூத்திரமாக 12 சூத்திரங்களைச் சிற்றுரையோடு ஓராண்டிற் கேட்கலாம். அதன்பின்னரே மாபாடியத்துள் நுழைதல் முறை. கிழமைக்கொருமுறை ஐவராயினும் ஒருங்கிருந்து, கேட்டதனைத் தம்முள் வினவியும் விடையிறுத்தும் பயிலுதல் வேண்டும். பாடஞ் சொல்வார் ஒரு நாளைக்கு எத்துணைப் பக்கம் சென்றது என்று எண்ணாது, எத்துணை வினா எழுந்தது என்று எண்ணுக. வினா எழாத நாளிற் பாடம் நடந்ததாகக் கொள்ளற்க.

ஒலிப்பதிவுகளையும் யாம் வெறுத்திலேம். தொலைவிலுள்ளார்க்கும், மடங்களை அடுக்க இயலாத மகளிர்க்கும் முதியோர்க்கும் அவை பேருதவி. பாடஞ் சொல்லிய பெரியோர் மறைந்தபின்னும் அவர்தம் குரலைக் காத்துத் தருவதும் அவையே. அக்கருவியை விரைந்து ஓட்டுதற்கு ஒரு குறி உண்டு என்பதை அவ்விளைஞர் எமக்குக் காட்டினார். அதன் அருகிலேயே நிறுத்துதற்குரிய குறியும் இருத்தலை யாம் அவர்க்குக் காட்டினேம். ஒரு கருத்து விளங்காதபோது நிறுத்துக, விளங்கியபோதும் நிறுத்துக, மீண்டும் அவ்விடத்தையே கேட்க. இவ்வாறு பயன்கொள்வார்க்கு அக்கருவியே நல்லாசிரியர்க்குத் துணையாம்.

அவ்விளைஞர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், எம் ஆசிரியர் எம்மை வினவிய அவ்வினாவைத் தாமும் விடையறியாமலே கடந்து வந்தமையை ஒப்புக்கொண்டு, "முதற் சூத்திரத்தை மறுபடி தொடங்கலாமா?" என்று கேட்டார். அடுத்த வியாழக்கிழமை வருமாறு கூறினேம். வந்தார், தம் நண்பர் இருவரையும் உடன் அழைத்து வந்தார். அன்று மாலை முழுதும் கழிந்தும் பாடம் ஓரடியைக் கடக்கவில்லை. எழுந்து செல்லும்போது ஒருவரும் அதுபற்றி வருந்தினாரல்லர்.

உயிர்களின் பக்குவம் நோக்கி ஊழிதோறும் காத்திருக்கும் பெருமான், அவன் நூலின் ஓரடிக்கு நாம் ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்தலை ஏற்றருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.